கலத்தின் வாயிலும் ஒரு கலைச்சொல்லும்

சிறுவயதில் மாலை வேளைகளில் என்னிடம் வந்து நன்னூல் பாடங்கேட்ட மாணவி ஒருவர், இன்று பிறநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் உயிரியலாராய்ச்சி செய்து வருகின்றார். சில மாதங்களுக்கு முன் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'மதிப்புக்குரிய ஐயா அவர்கட்கு' என்று தொடங்கிய அக்கடிதத்தில் இருந்த வேண்டுகோள் மிகச் சிறியது. உயிரியலார் 'புறொமோற்றர்' என வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்றதொரு தமிழ்ச்சொல் வேண்டும் என்பதே அது. விடுமுறைக்கு ஊர் வரும்போது உயர்தர வகுப்பு மாணவர்க்குத் தமது ஆராய்ச்சியைப் பற்றித் தமிழிலே பேசவிருப்பதாகவும், அப்பேச்சுக்கு அச்சொல் இன்றியமையாதது என்றும் எழுதியிருந்தார்.

சொல்லாக்கம் என்றால் பண்டிதர்களுக்குக் கரும்பு தின்பது போன்றது. அன்றைக்கே ஓர் அஞ்சலட்டையில் 'தூண்டி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த ஆங்கிலச் சொல்லின் அடியாகிய வினைக்கு ஊக்குதல், தூண்டுதல் என்று பொருள்; ஊக்கி என்பது இரசாயனத்தில் வேறொன்றுக்கு வழங்குகின்றது; ஆதலின் தூண்டி என்க என்பது என் நியாயம். இரண்டு வாரங்களில் மறுமொழி வந்தது. 'ஐயா குறை நினைக்கக்கூடாது. பொருளைச் சொல்லாமற் சொல்லைக் கேட்டது என் தவறு. அது என்ன செய்கின்றது என்பதை எழுதுகின்றேன். படித்த பின் சொல்லுங்கள்' என்ற முன்னுரையோடு பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. அவற்றைப் படித்து முடித்தபொழுது என் அஞ்சலட்டையை நினைந்து நாணினேன். அப்பக்கங்களினாலும், அவற்றின்பின் நானாகத் தேடிப் படித்தவற்றினாலும் அறிந்துகொண்டதை வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலையின் ஓரம்

நம் உடம்பு கலங்களால் ஆயது. ஒரு கலம் இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிரிவதனாலேயே உடல் வளர்கின்றது, புண் ஆறுகின்றது. இப்பிரிவுக்கு எல்லை உண்டோ? நியூயோர்க் நகரில் அலெக்சிஸ் கரல் என்னும் அறிஞர் 1912ஆம் ஆண்டிற் கோழிக் கருவின் இதயத்திலிருந்து எடுத்த இழையத்தைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கத் தொடங்கினார். அவர் 1944இல் இறந்த பின்னும் 1946 வரை அவ்வளர்ப்பு நடைபெற்றது. ஆதலின், தனித்து வளர்க்கப்படும் கலங்களுக்குச் சாவில்லை என்று உலகம் நம்பியிருந்தது. 1961ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரத்து விஸ்ரார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லெனாட் ஹேபிளிக், போல் மூர்ஹெட் என்னும் இருவர் அந்நம்பிக்கையைத் தகர்த்தனர். மனிதக் கருவிலிருந்து எடுத்த கலங்கள் ஏறத்தாழ ஐம்பது முறை பிரிந்தபின் பிரிதலை நிறுத்திவிடுகின்றன என அவர்கள் காட்டினர். கலத்தினுள்ளே ஏதோ ஒன்று எண்ணிக்கொண்டிருக்கின்றது என்பது பெறப்பட்டது. எண்ணுவது எது என்பதே பின்னர் எழுந்த வினா.

விடை நிறமூர்த்தங்களின் நுனியிலே இருந்தது. உயிரின் வரைவு முழுவதும் டி.என்.ஏ. என்னும் நெடுமூலக்கூற்றில், அடினீன், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளது. அவற்றை இக்கட்டுரையில் அ, த, கு, சை என முதலெழுத்துக்களாற் குறிப்பேன். நிறமூர்த்தத்தின் நுனிக்கு 1938இல் ஹேமன் முல்லர் 'ரெலோமியர்' எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் முடிவு, பகுதி எனப் பொருள்படும் இரு சொற்களின் தொடர் அது. சோளப் பயிரை ஆராய்ந்த பாபரா மக்கிளின்ரொக் அம்மையார், நுனி உடைந்த நிறமூர்த்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சீர்குலைவதையும், நுனி கெடாதவை அவ்வாறு ஒட்டாமையையும் அக்காலத்திலேயே கண்டறிந்தார். 1971இல் மொஸ்கோவிலே அலெக்சி ஒலொவ்னிக்கொவும், 1972இல் அமெரிக்காவிலே ஜேம்ஸ் வற்சனும், டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியம் இழையின் கடைசி நுனிவரை படியெடுக்க இயலாதது என்பதை எடுத்துக் காட்டினர். எனவே ஒவ்வொரு பிரிவிலும் நுனி சிறிது குறுகவேண்டும்.

ஏட்டுச்சுவடிகளைக் கையாண்டவர்களுக்கு இது விளங்குதற்கு அரிதன்று. ஓலையின் இருபுறத்து ஓரங்களிலும் எழுத்தின்றி இடம் விட்டு எழுதுவது நம்முன்னோர் வழக்கம். கைபட்டுத் தேய்வதும், முறிவதும், பூச்சி அரிப்பதும் முதலில் ஓரத்தையே. ஓரம் உள்ளளவும் பாடத்துக்குக் கேடில்லை. ஓரம் போய்விட்டால் அடுத்தபடி போவது பாடம்.

ஓரத்தில் எழுதியிருப்பது என்ன என்பதை, அவுஸ்திரேலியாவிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த எலிசபெத் பிளாக்பேண் அம்மையார், ஜோசப் கோல் என்பவரோடு சேர்ந்து 1978இல் வெளியிட்டார். குளத்து நீரில் வாழும் ரெற்றாஹைமினா என்னும் ஒருகல உயிரின் நுனிகளில் 'த த கு கு கு கு' என்னும் ஆறெழுத்து மீட்டும் மீட்டும் வந்தது. மனிதனுக்கு அது 'த த அ கு கு கு' என்பது 1988இல் தெரியவந்தது. பொருளில்லாத அடுக்குத்தொடர்போலத் தோன்றும் இதுவே நம் நிறமூர்த்தங்களின் வெற்றோரம்.

ஓரம் தைக்கும் நொதியம்

ஒவ்வொரு பிரிவிலும் ஓரம் தேயுமாயின், தலைமுறை தலைமுறையாக உயிர்கள் தொடர்வது எப்படி? தேய்ந்ததை மீண்டும் ஒட்டும் ஒன்று இருத்தல் வேண்டும். பிளாக்பேண் அம்மையாரின் மாணவியாகிய கரோல் கிறைடர், கலிபோணியாவிலுள்ள பேக்லி நகரில், 1984ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஆராய்ச்சிசாலைக்குச் சென்று தம் சோதனைப் படலத்தைப் பார்த்தபொழுது, ஆறெழுத்து ஆறெழுத்தாக நுனி வளர்ந்திருப்பதைக் கண்டார். அப்பொழுது அவருக்கு வயது 23. அவ்வேலையைச் செய்யும் நொதியமே 'ரெலோமரேஸ்' என இன்று வழங்குவது. பிளாக்பேண், கிறைடர் ஆகிய இருவருக்கும், நுனிகளைப் பற்றி மதுவக் கலங்களில் ஆராய்ந்த ஜாக் சோஸ்ராக்குக்கும் 2009ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்நொதியம் இரு கூறுடையது. ஒரு கூறு ஆர்.என்.ஏ.; அதில் ஓரத்தின் எழுத்துக்களுக்கு உரிய மூலப்பாடம் உளது. மற்றக் கூறு அப்பாடத்தைப் பார்த்து எழுதும் புரதம். மூலப்பாடம் பெரும்பாலான கலங்களில் இருக்கவே இருக்கின்றது. எழுதும் புரதமே இருப்பதும் இல்லாததுமாகின்றது. அப்புரதத்துக்குரிய மனிதப் பரம்பரையலகு 1997இற் பிரித்தறியப்பட்டது. 1998இல் அப்பரம்பரையலகைச் சாதாரண மனிதக் கலங்களிற் புகுத்தியபோது, அவை தம் வழக்கமான எல்லையைக் கடந்து குறைந்தது இருபது முறை மேலதிகமாக இரட்டித்தன.

'அப்படியாயின் மூப்பை வெல்லலாமே' என்று படித்தவுடன் எண்ணினேன். மாணவி அடுத்த பக்கத்திலேயே என் வாயை அடைத்துவிட்டார். 1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்ரிமோர் நகரத்திலே ஹென்றியற்றா லக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவருடைய சம்மதம் பெறாமலே சில கலங்கள் எடுக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே அவர் இறந்தார். கலங்களோ இறக்கவில்லை, உலகெங்குமுள்ள ஆராய்ச்சிசாலைகளில் இன்றும் பிரிந்து கொண்டிருக்கின்றன. மனிதரில் ரெலோமரேஸ் முதன்முதற் காணப்பட்டது 1989இல் அக்கலங்களிலேதான். 1994இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று பன்னிரண்டு வகைப் புற்றுநோய்க் கட்டிகளின் மாதிரிகள் 101ஐச் சோதித்தது. 90இல் ரெலோமரேஸ் இயங்கிக்கொண்டிருந்தது. சாதாரண உடலிழைய மாதிரிகள் 50இல் ஒன்றிலேனும் அது காணப்படவில்லை.

எனவே நம் உடற்கலங்களிற் பெரும்பாலானவை இந்நொதியத்தை ஆக்காது அடக்கி வைத்திருப்பது குறைபாடன்று, காவல். எல்லையில்லாமற் பிரிய முனையும் கலம் ஓரம் தேய்ந்து நின்றுவிட வேண்டும் என்பது உடலின் ஏற்பாடு. புற்றுநோய்க்கலம் அவ்வேற்பாட்டை மீறி, அடைத்த கதவைத் திறந்துவிடுகின்றது.

மூடிய கதவு

அக்கதவு எங்கே இருக்கின்றது என்பதிலிருந்தே எனக்கு இட்ட வேலை தொடங்குகின்றது. எழுதும் புரதத்துக்குரிய பரம்பரையலகு மனிதரின் ஐந்தாம் நிறமூர்த்தத்தில் உளது. நம் உடலின் எல்லாக் கலங்களிலும் அது எழுதப்பட்டே கிடக்கின்றது. எழுதியிருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு. ஒரு பரம்பரையலகு வாசிக்கப்படுவதற்கு, வாசிக்கும் நொதியம் அதன் தொடக்கத்திற்கு முன்னேயுள்ள ஓர் இடத்தில் வந்து அமரவேண்டும். அவ்விடமே 'புறொமோற்றர்' எனப்படுவது. அது வேறு பொருளன்று, அதே டி.என்.ஏ. இழையின் ஒரு துண்டு. தானாக ஒன்றையும் செய்வதில்லை. பிற புரதங்கள் வந்து பற்றுதற்கு இடங்கொடுத்துக் கிடப்பதே அதன் தொழில்.

1999இல் வெவ்வேறு ஆராய்ச்சிக் குழுவினர் ரெலோமரேசின் இப்பகுதியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். அதன் மையப்பகுதி ஏறத்தாழ 180 எழுத்து அளவினது. பல பரம்பரையலகுகளின் முன்னே காணப்படும் 'ராற்றா' என்னும் வழக்கமான அடையாளத் தொடர் இதில் இல்லை. பதிலாக, 'சை அ சை கு த கு' என்னும் ஆறெழுத்து இரண்டு இடங்களிலும், குவும் சையும் செறிந்த தொடர் ஐந்து இடங்களிலும் உள. முன்னதில் 'மிக்' என்னும் புரதம் வந்து பற்றினால் வாசிப்புத் தொடங்கும். அதே இடத்தை 'மட்' என்னும் புரதம் பற்றினால் வாசிப்பு அடங்கும். பின்னதில் 'எஸ்பி1' என்பது பற்றும். இவற்றையன்றித் தடுப்பவை வேறும் பல உள. மிக் என்பது பல புற்றுநோய்களில் அளவுக்கு மிஞ்சிக் காணப்படும் புரதம். யார் வந்து நிற்கின்றனர் என்பதைப் பொறுத்தே கதவு திறக்கின்றது அல்லது அடைபடுகின்றது.

இவ்விடத்தில் மாணவி தம் பழைய தவறொன்றையும் எழுதியிருந்தார். முதலாண்டிலே தாம் கையாண்ட தமிழ்க் குறிப்பொன்றில் இது 'ஊக்கி' எனப் பெயர்பெற்றிருந்ததாம். ஊக்கி என்றவுடன் ஊக்கும் ஒரு பொருள், ஒரு புரதம் என்று கருதிப் பரீட்சை விடையில் அவ்வாறே எழுதிவிட்டாராம். நன்னூல் படித்த பிள்ளை அப்படிக் கருதியதிற் பிழையில்லை. இகர விகுதி வானம்பாடி என்பதில் வினைமுதலையும், மண்வெட்டி என்பதிற் கருவியையும், ஊருணி என்பதிற் செயப்படுபொருளையும் உணர்த்தும். செயல் நிகழும் இடத்தை உணர்த்துதல் அதன் வழக்கன்று. இடத்துக்கு இட வேண்டிய பெயரை வினைமுதலுக்கு இட்டு வழங்கினால், கற்கும் பிள்ளை இடத்தை ஆளாக எண்ணுவதைத் தடுக்க முடியாது. என்னுடைய 'தூண்டி'யும் அதே குழியில் விழுந்தது.

பகைவன் திறந்த கதவின்வழி

இனி மாணவியின் ஆராய்ச்சிக்கு வருவோம். பெரும்பாலான உடற்கலங்களில் அடைத்தும், பெரும்பாலான புற்றுநோய்க் கலங்களிலே திறந்தும் இருக்கும் கதவொன்று உண்டாயின், அக்கதவின் பின்னே ரெலோமரேசுக்குப் பதிலாக வேறொன்றை வைத்தால் என்ன? அதாவது, அக்கதவுத் துண்டை வெட்டியெடுத்து, கலத்தைக் கொல்லும் ஒரு பரம்பரையலகின் முன்னே ஒட்டிவிட்டால், நல்ல கலத்தில் அது வாசிக்கப்படாது கிடக்கும். புற்றுநோய்க் கலத்தில் வாசிக்கப்பட்டு அதனை அழிக்கும். பகைவன் தனக்கென்று திறந்த கதவின்வழியே அவனைப் பிடிக்கும் உபாயம் இது.

இது வெறுங் கற்பனையன்று. ஹேப்பீஸ் வைரசிலிருந்து எடுத்த ஒரு நொதியம், கன்சிக்கிளோவிர் என்னும் மருந்தைக் கலத்தினுள்ளே நஞ்சாக மாற்றவல்லது. அந்நொதியத்தின் பரம்பரையலகை இக்கதவின் பின் வைத்துச் சோதித்தவர் உளர். யப்பானில் ஒக்காயாமாப் பல்கலைக்கழகத்தார், தடிமனை உண்டாக்கும் அடினோ வைரசின் பெருக்கத்துக்குரிய பரம்பரையலகுகளையே இக்கதவின் பின் அமைத்தனர். அவ்வைரஸ் புற்றுநோய்க் கலங்களில் மாத்திரம் பெருகி அவற்றை உடைக்கவேண்டும் என்பது கருத்து. 2004இல் அவர்தம் ஆராய்ச்சி வெளிவந்தது. பின்னர் நோயாளரிடத்தும் அது பரிசோதிக்கப்பட்டது. ஜேர்மனியில் பிரைபூர்க் பல்கலைக்கழக மாணவர் குழுவொன்று 2010இல், இக்கதவுத் துண்டைப் பிறரும் எடுத்தாளத்தக்க பொது உறுப்பாக அமைத்துச் சருவதேசப் போட்டியொன்றில் வைத்தது. இவ்விறுதிச் செய்தியே என் மாணவி செய்யும் வேலைக்கு முன்னோடி.

திருகாணியும் புணர்ச்சியும்

பொது உறுப்பு என்பது யாது? 1864ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரத்தில் வில்லியம் செல்லேஸ் என்னும் பொறிவல்லுநர், திருகாணிகளின் புரிகள் யாவும் ஒரே அளவினவாக, 60 பாகை கோணத்தில் அமைதல் வேண்டும் என்று முன்மொழிந்தார். அதற்குமுன் ஒரு பட்டறையிற் செய்த ஆணி மற்றொரு பட்டறையிற் செய்த சுரைக்குப் பொருந்தாது. அளவு பொதுவானபின், ஒருவர் செய்ததை முன்பின் அறியாத ஒருவர் நம்பி வாங்கிப் பூட்ட முடிந்தது. இதே எண்ணத்தை உயிரியலுக்குக் கொணர்ந்தவர் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த தொம் நைற். அவர் 2003இல் வகுத்த முறையில் ஒவ்வொரு டி.என்.ஏ. உறுப்பும் ஒரே வகை முன்னொட்டும், ஒரே வகைப் பின்னொட்டும் உடையதாய் இருக்கும். அவ்வாண்டு அங்கே தொடங்கிய மாணவர் வகுப்பே 2004இல் ஐந்து குழுக்கள் கலந்துகொண்ட போட்டியாகிப் பின்னர் உலகெங்கும் பரவியது.

அவ்வொட்டுக்களில் நான்கு நொதியங்கள் வெட்டுதற்குரிய இடங்கள் உள. இவற்றின் அமைப்பு எனக்கு மிக்க வியப்பைத் தந்தது. 'கு அ அ த த சை' என்பது அவற்றுள் ஒன்று. டி.என்.ஏ.யின் இரட்டை இழையில் அவுக்கு எதிரே தவும், குவுக்கு எதிரே சையும் நிற்கும். எனவே எதிரிழையை மறுதலையாக வாசித்தாலும் அதே 'கு அ அ த த சை' வரும். நம் சித்திரகவியில் மாலைமாற்று எனப்படுவதற்கு இஃது இனமானது. மற்றை மூன்றும் 'த சை த அ கு அ', 'அ சை த அ கு த', 'சை த கு சை அ கு' என்பன, இவையும் அவ்வியல்பினவே.

இவற்றுள் நடுவிலுள்ள இரண்டையும் நோக்குக. இரண்டிலும் இடையே 'சை த அ கு' என்னும் நான்கெழுத்து ஒன்றாயிருத்தலின், ஒரு நொதியம் வெட்டிய முனை மற்றது வெட்டிய முனையோடு பொருந்தும். பொருந்தியபின் உண்டாவது 'அ சை த அ கு அ' என்னும் புதிய தொடர். அதனை அவ்விரு நொதியங்களில் எதுவும் வெட்டாது. இரண்டு உறுப்புக்கள் சேர்ந்து வெட்டுப்படாத ஓர் உறுப்பாகும். அதன் முன்னொட்டும் பின்னொட்டும் பழையபடியே நிற்கும். அதனோடு இன்னொன்றை அதே முறையிற் சேர்க்கலாம். இணைந்த இடத்தில் எட்டெழுத்து அளவான ஒரு தழும்பு எஞ்சும் என மாணவி எழுதியிருந்தார். நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்து, இரண்டுக்கும் உரித்தல்லாத சாரியையொன்று இடையே தோன்றி நிற்பதை நாம் அறிவோம். 'தழும்பு என்க, ஆயின் சாரியை என்றும் நினைந்துகொள்க' என்று அவருக்கு எழுதினேன்.

ஓரெழுத்தின் விலை

இம்முறைக்கு ஒரு விதியுண்டு. அந்நான்கு வெட்டுத் தொடர்களில் எதுவும் உறுப்பின் உள்ளே வரலாகாது. வந்தால் உறுப்பே துண்டாகிவிடும். புரதத்துக்குரிய பாடத்தில் அப்படி ஒன்று இருப்பின் நீக்குதல் எளிது. ஒரே பொருளை வேறு எழுத்தாலும் எழுத அங்கே இடமுண்டு. கதவுப் பகுதியிலோ ஒருபொருட் பன்மொழி இல்லை. எந்த எழுத்தில் எந்தப் புரதம் கை வைத்திருக்கின்றது என்பதைச் சோதித்தன்றி அறிய முடியாது. ஓரெழுத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2013ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு ஆராய்ச்சிகள் சான்று. மெலனோமா என்னும் தோற்புற்றுநோயை ஆராய்ந்தபோது, பல நோயாளரின் கட்டிகளில் இக்கதவுப் பகுதியில், புரதப்பாடம் தொடங்குமிடத்துக்கு 124ஆம் எழுத்தோ 146ஆம் எழுத்தோ முன்னே, ஒரு சை தவாக மாறியிருந்தது. அவ்வொரு மாற்றம் 'ஈற்ஸ்' என்னும் புரதக்குடும்பம் வந்து பற்றுதற்குப் புதிய இடத்தை உண்டாக்கி, மூடியிருக்கவேண்டிய கதவைத் திறந்துவிட்டது. பாடபேதம் ஒன்றினால் ஒரு செய்யுளின் பொருளே மாறுவதைப் பதிப்பாசிரியர் பலர் கண்டிருக்கின்றனர். இங்கே பாடபேதம் ஒன்றினால் மாறுவது ஓர் உயிரின் கதி. ஆதலின், பொது முறைக்கு இசையுமாறு ஓரெழுத்தைத் திருத்த நேர்ந்தாலும், திருத்திய துண்டையும் திருத்தாத துண்டையும் பக்கத்தில் வைத்து அளந்தபின்னரே ஏற்றல் வேண்டும் என்பது மாணவியின் கொள்கை.

அளப்பது எவ்வாறு? மின்மினியின் உடலில் ஒளியை உண்டாக்கும் நொதியத்தின் பரம்பரையலகைக் கதவுத் துண்டின் பின்னே வைத்துக் கலத்திற் புகுத்துவர். கதவு எவ்வளவு திறக்கின்றதோ அவ்வளவு ஒளி தோன்றும். ஆயினும் ஒளியின் அளவு கருவிக்குக் கருவி, ஆராய்ச்சிசாலைக்கு ஆராய்ச்சிசாலை வேறுபடும். 2009இல் மசாசூசெற்ஸ் குழுவினர், பற்றீரியாவின் கதவுகளைப் பற்றி ஆராய்ந்து, யாவரும் ஒரே ஒரு நியமக் கதவையும் உடன்வைத்து அளந்து, அதனோடு ஒப்பிட்ட விகிதத்தையே எழுதினால் இவ்வேறுபாடு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைகின்றது எனக் காட்டினர். மாணவியும் எக்கலத்திலும் திறந்திருக்கும் வைரசுக் கதவொன்றை ஒப்பளவாக வைத்து, புற்றுநோய்க் கலங்களிலும் சாதாரண கலங்களிலும் தனித்தனி அளந்து, இரு விகிதங்களையும் எழுதுகின்றார். ஒன்றை எழுதி மற்றதை எழுதாது விடுதல் பொய்க்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து.

ஏனெனில் இக்கதவின் காவல் பூரணமானதன்று. இனப்பெருக்கக் கலங்களிலும், எலும்பு மச்சை முதலியவற்றிலுள்ள மூலக்கலங்களிலும், நோயை எதிர்க்கும்போது பெருகும் வெண்குருதிக் கலங்களிலும் ரெலோமரேஸ் ஓரளவு இயங்குகின்றது. அங்கேயும் கதவு திறந்தால் நஞ்சு நல்லவர் வீட்டிற் புகும். நிறமூர்த்தத்திலே தன்னைச் சூழ்ந்திருந்த புரதக்கட்டிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட துண்டு, மூடியிருக்கவேண்டிய கலத்திலும் சிறிது கசியக்கூடும். மறுபுறத்தே, புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து வரை ரெலோமரேஸ் இன்றியே வேறொரு வழியால் ஓரத்தை வளர்ப்பன. அவற்றில் இக்கதவு பயன்படாது. பொது உறுப்பை எடுத்தாளப்போகிறவர் அதனை அமைத்தவரைக் கண்டறியாதவர். அவர் நம்பக்கூடியது குப்பியின்மேல் ஒட்டிய குறிப்பையே. 'புற்றுநோயில் மாத்திரம் திறப்பது' என்று அக்குறிப்பு கூறி, உண்மை அதுவன்றாயின், எங்கோ ஓர் ஆராய்ச்சிசாலையில் ஒருவர் அதனை நம்பி அடுத்த படியை எடுத்து வைப்பார்.

சொல் கிடைத்தது

இவற்றையெல்லாம் அறிந்தபின் மீண்டும் சொல்லுக்கு வந்தேன். வேண்டியது இடப்பெயர். வருபவரை நோக்கித் திறப்பதும் மறுப்பதுமாகிய இடம். அகப்பொருளிலக்கணம் அதற்கொரு சொல்லை என்றோ ஆக்கி வைத்திருக்கின்றது: வாயில். பிரிந்து மீண்ட தலைவன் நேரே இல்லம் புகான். தோழி, பாணன், விருந்தினர் முதலியோரை முன்விடுப்பான். அவர்களும் வாயில்கள் எனப்படுவர். அவர் சொற்கேட்டுத் தலைவி இசைவது வாயில் நேர்தல். இசையாமை வாயில் மறுத்தல். மிக் என்னும் புரதம் வந்து நின்றால் வாயில் நேர்தல். மட் வந்து நின்றால் வாயில் மறுத்தல். இதனைக் கண்ட மகிழ்ச்சியில் அன்றிரவே எழுதினேன். இம்முறை அஞ்சலட்டையன்று, நான்கு பக்கக் கடிதம்.

மாணவி இரண்டு தடைகளை எழுப்பினார். கணினியியலிலும், அதனைப் பின்பற்றித் தம் துறையிலும் தருக்கவியலை ஒட்டிய 'கேற்' என்னும் ஒன்று உண்டு. அதனோடு மயங்காதா என்பது ஒன்று. நம் நாட்டுப் பாடநூல்கள் அதனைத் 'தருக்கப் படலை' என்றே வழங்குகின்றன. எனவே மயக்கமில்லை என்று விடையளித்தேன். கலத்தின் மென்சவ்விலும் திறந்து மூடும் வழிகள் உள. வாயில் என்றால் மாணவர் அங்கே போய்விடுவரே என்பது மற்றது. இதற்கு என்னிடம் விடையில்லை. அவரே பின்னர், வாசிப்புத் தொடங்கும் இடம் என்பது தோன்றத் 'தொடங்குவாயில்' எனலாமா என்று கேட்டார். வினைத்தொகை; காலங் கரந்து நிற்றலின், திறக்கும் காலத்துக்கும் அடைத்திருக்கும் காலத்துக்கும் பொருந்தும். ஒப்புக்கொண்டேன். என் சொல்லிலும் அவர் சொல் நன்று.

பேச்சு சென்ற மாதம் நடைபெற்றது. நான் பின்வரிசையில் இருந்து கேட்டேன். முடிவில் ஒரு மாணவன் எழுந்து, 'அந்தத் தொடங்குவாயிலில் வந்து நிற்பவர் யார் என்பதைக் கலம் எப்படித் தெரிந்துகொள்கிறது?' என்று வினவினான். அது பொருளா இடமா என்று எவரும் மயங்கவில்லை என்பதற்கு அவ்வினாவே சான்றாயிற்று.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், வைத்தியத்தை முற்றக் கற்றவர். அதன்பின் தமிழைக் கற்று, பின்னரே மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பொருளை அறிந்து சொல்லை ஆக்குதல் அவர் முறை. சொல்லை ஆக்கியபின் பொருளை அறிந்தவன் நான். ஐம்பது வயதைக் கடந்தபின், என்னிடம் பாடங்கேட்ட பிள்ளையிடம் பாடங்கேட்டு இம்முறையை மாற்றிக்கொண்டேன். 'தூண்டி' என்று எழுதிய அஞ்சலட்டையை அவர் இன்னும் வைத்திருக்கின்றாராம். திருப்பிக் கேட்கவில்லை, கேட்டாலும் தரமாட்டார்.